டாங்கியை வேட்டையாடும் யந்திரம் - வேட்டையாடியது யாரை?

2025 ஜூலை 22ஆம் தேதி, டில்லிக்குப் பக்கத்திலுள்ள ஹிண்டன் விமானத் தளத்தில் ஒரு ராட்சதச் சரக்கு விமானம் வந்து இறங்கியது. அதன் வயிற்றிலிருந்து மூன்று ஹெலிகாப்டர்களை இறக்கினார்கள். அமெரிக்காவின் போயிங் கம்பெனி செய்த "அப்பாச்சி" என்ற தாக்குதல் ஹெலிகாப்டர்கள் அவை. உடனே முதலாளிப் பத்திரிகைகளும் டெலிவிஷன்களும் ஆனந்தக் கூத்தாடின. "பறக்கும் டாங்கி வந்துவிட்டது! டாங்கி வேட்டைக்காரன் வந்துவிட்டான்!" என்று முழங்கின.

சரியாக 36 நாட்கள் கழிந்தன. ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குகள் மீது அதே அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அமெரிக்க ஆர்டர்கள் நின்றன. தைத்த துணி கட்டுக்கட்டாகத் தேங்கியது. ஷிப்டு குறைந்தது. முதலில் அடி விழுந்தது பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளியின் தலையில்தான்.

அவனுடைய ஹெலிகாப்டரை நாம் வாங்கினோம். நம்முடைய பனியனை அவன் வாசலிலேயே நிறுத்தினான். இதற்குப் பெயர் சிநேகிதமாம்!

ஆகவே இந்த யந்திரத்தைப் பற்றி ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகிறது. இது என்ன? எதற்காகச் செய்தார்கள்? இதுவரை யாரைக் கொன்றது? இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன யந்திரம்?

அப்பாச்சி ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் அல்ல. வெள்ளத்தில் தவிப்பவர்களைத் தூக்கவோ, மலையில் காயம்பட்டவர்களைக் கொண்டுவரவோ அதற்குத் தெரியாது. அதில் இரண்டே பேர்தான் உட்கார முடியும். முன்னால் சுடுகிறவன், அவனுக்குப் பின்னால் ஓட்டுகிறவன். மற்றபடி எல்லாமே ஆயுதம்.

மூக்குக்குக் கீழே 30 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று தொங்குகிறது. நிமிஷத்துக்கு 600 குண்டுகளுக்கு மேல் சுடும். சுடுகிறவன் தலையை எந்தப் பக்கம் திருப்புகிறானோ அந்தப் பக்கம் பீரங்கியும் திரும்பும். இரண்டு பக்கமும் சிறகு போன்ற தாங்கிகளில் ராக்கெட்டுகளும், "ஹெல்ஃபயர்" என்ற ஏவுகணைகளும் மாட்டியிருக்கும். ஹெல்ஃபயர் என்றால் நரக நெருப்பு என்று அர்த்தம். இப்படி 16 ஏவுகணைகள் வரை மாட்டலாம். ஒவ்வொன்றும் எட்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்து டாங்கியின் கனத்த இரும்புத் தகட்டைத் துளைக்கும். இருட்டிலும் பார்க்கும் கண் உண்டு. மேட்டுக்கும் மரத்துக்கும் பின்னால் மறைந்து நின்று, சட்டென்று தலைதூக்கிச் சுட்டுவிட்டு மறுபடி மறைவதுதான் இதன் யுத்த முறை.

1970களில் இதைத் திட்டமிட்டபோது அமெரிக்கத் தளபதிகள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. சோவியத் டாங்கிப் படை ஜெர்மனியின் எல்லையைத் தாண்டி வரும், அதைத் தடுக்க ஆகாயத்திலிருந்து அடிக்கும் யந்திரம் வேண்டும் என்றார்கள். முதல் அப்பாச்சி 1975இல் பறந்தது. 1980களில் படையில் சேர்ந்தது. ஆனால் ஜெர்மனியின் எல்லையை எந்த டாங்கியும் தாண்டவில்லை. 1991இல் சோவியத் நாடே இல்லாமல் போயிற்று. எந்த யுத்தத்துக்காக இதைச் செய்தார்களோ அந்த யுத்தம் நடக்கவே இல்லை.

யுத்தம் நடக்கவில்லையே என்று யந்திரத்தைக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்களா? இல்லை. வேறு வேலை கொடுத்தார்கள்.

பெயரிலேயே திருட்டு

அந்த வேலையைச் சொல்லுமுன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பாச்சி என்பது அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடி இனம் ஒன்றின் பெயர். இன்றைய அரிசோனா மாகாணமும் அதைச் சுற்றியுள்ள மலைகளும் அவர்களுடைய நிலம். வெள்ளைக்காரப் பட்டாளம் பல வருஷம் அவர்களை வேட்டையாடியது. அவர்களுடைய வீரத் தலைவர்களில் ஒருவரான ஜெரோனிமோ 1886இல் சரணடைய நேர்ந்தது. நிலம் பறிபோயிற்று.

அந்தப் பட்டாளத்தின் வாரிசுகள் இன்று தங்கள் கொலை யந்திரத்துக்கு அப்பாச்சி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதைப் பூட்டி முடிக்கும் தொழிற்சாலை எங்கே இருக்கிறது தெரியுமா? அரிசோனா மாகாணத்தின் மேசா நகரத்தில்! நிலத்தையும் பறித்து, பெயரையும் பறித்து, அந்த நிலத்தில் நின்றுகொண்டே அந்தப் பெயரை மற்ற நாட்டு ஏழைகள் மீது ஏவுகிறார்கள். ஏகாதிபத்தியத்தின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

முதல் ஏவுகணை யார் மேல்?

ஹெலிகாப்டரில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை மாட்டி யுத்தத்தில் சுட்டுப் பார்த்தவர்களில் முன்னோடிகள் பிரெஞ்சு ஏகாதிபத்தியவாதிகள். இடம் அல்ஜீரியா. 1954 முதல் 1962 வரை அங்கே விடுதலை யுத்தம் நடந்தது. விடுதலைப் படையிடம் டாங்கி கிடையாது. துப்பாக்கியும் மலையும்தான் இருந்தன. அப்படியானால் ஏவுகணையை எதன் மேல் விட்டார்கள்? மலைக் குகைகளின் வாயில்! உள்ளே பதுங்கியிருந்த போராளிகள் மேல்!

இந்த ஆயுதத்தின் சரித்திரம் இப்படித்தான் தொடங்குகிறது. டாங்கியின் பேரைச் சொல்லிச் செய்தார்கள், குகையிலிருந்த மனிதன் மேல் விட்டார்கள்.

அடுத்தது வியத்நாம். தாக்குவதற்கென்றே பிரத்தியேகமாகச் செய்த முதல் ஹெலிகாப்டரை அமெரிக்கா 1967இல் அங்கே கொண்டு வந்தது. அதன் பெயர் கோப்ரா, அதாவது நாகப்பாம்பு. வியத்நாம் விடுதலைப் படை பெரும் எண்ணிக்கையில் டாங்கிகளைக் களத்தில் இறக்கியது 1972இல்தான். இடைப்பட்ட ஐந்து வருஷமும் நாகப்பாம்பு எதைக் கொத்தியது? நெல் வயலையும் மூங்கில் புதரையும் கிராமத்தையும் கொத்தியது. ஆனாலும் அந்த ஜனங்கள் பணியவில்லை. அமெரிக்கா அந்த யுத்தத்தில் இறக்கிய எல்லா வகை ஹெலிகாப்டர்களும் சேர்ந்து ஏறத்தாழ 12,000. அவற்றில் 5,000க்கு மேல் நொறுங்கின. 1975இல் கடைசி அமெரிக்கன் சைகோனைவிட்டு ஓடியதும் ஒரு ஹெலிகாப்டரில் ஏறித்தான்.

அப்பாச்சி முதன்முதலில் யுத்தத்துக்குப் போனது 1989 டிசம்பரில், பனாமா நாட்டுக்கு. அது சின்னஞ்சிறு நாடு. டாங்கிப் படை என்று சொல்லிக்கொள்ள அதனிடம் ஒன்றுமில்லை. அமெரிக்கப் படையெடுப்பின் முதல் இரவிலேயே தலைநகரில் ஏழைகள் குடியிருந்த எல் சோரியோ என்ற பேட்டை தீக்கிரையாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன.

சக்கர நாற்காலியும் டாங்கியா?

இஸ்ரேலுக்கும் அமெரிக்கா இந்த யந்திரத்தைக் கொடுத்தது. 1996 ஏப்ரல் 13ஆம் தேதி தெற்கு லெபனானில் மன்சூரி என்ற ஊருக்குப் பக்கத்தில், குண்டுவீச்சிலிருந்து தப்பியோடும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. இஸ்ரேலிய ஹெலிகாப்டர் அதன் மேல் ஏவுகணை விட்டது. இரண்டு பெண்களும் நான்கு குழந்தைகளும் செத்தார்கள். டாங்கியைத் துளைக்கச் செய்த ஏவுகணை அது.

2004 மார்ச் 22ஆம் தேதி காஸா நகரில் விடியற்காலைத் தொழுகை முடிந்து வெளியே வந்த ஹமாஸ் தலைவர் ஷேக் அகமது யாசின் மீது இஸ்ரேலிய ஹெலிகாப்டர் ஹெல்ஃபயரை ஏவியது. அவர் கைகால் விளங்காதவர். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்பட்டவர். கூட வந்தவர்களும் வழியில் நின்றவர்களும் செத்தார்கள். அவருடைய அரசியல் நம்முடைய அரசியல் அல்ல. ஆனால் நாம் கேட்கிறோம், சக்கர நாற்காலி டாங்கியா?

2007 ஜூலை 12ஆம் தேதி பாக்தாத் நகரின் ஒரு தெருவில் என்ன நடந்தது என்பதை உலகமே பார்த்தது. இரண்டு அப்பாச்சிகள் தெருவில் நின்றிருந்தவர்களைச் சுட்டன. பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் இருவர் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள். நமீர் நூர்-எல்தீன் புகைப்படக்காரர். சயீத் ச்மாக் வண்டி ஓட்டுபவர். தோளில் தொங்கிய காமிராவை ஆயுதம் என்றார்கள். குற்றுயிராய்க் கிடந்த சயீதைத் தூக்க ஒரு வேன் வந்தது. அதையும் சுட்டார்கள். வேனுக்குள் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். இருவருக்கும் பலத்த காயம்.

மேலேயிருந்து எடுத்த அந்தப் படம் 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் மூலம் வெளியாகாதிருந்தால் இந்தக் கொலையும் கணக்கில் வராமலே போயிருக்கும். படத்தைக் கொடுத்த ராணுவ ஊழியர் செல்சி மானிங்குக்கு 2013இல் 35 வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. தண்டனை குறைக்கப்பட்டு 2017இல்தான் வெளியே வர முடிந்தது. சுட்டவர்கள் கதி? அவர்கள் மீது ஒரு வழக்குக் கூட இல்லை. கொன்றவன் வீட்டுக்குப் போனான், கொலையைச் சொன்னவர் ஜெயிலுக்குப் போனார்! இதுதான் அமெரிக்க ஜனநாயகம்.

டாங்கி எதிரே நின்றபோது

"இதெல்லாம் சரி, டாங்கியை அது அடித்ததே இல்லையா?" என்று கேட்கலாம். அடித்திருக்கிறது. 1991இல் ஈராக் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான டாங்கிகளையும் வண்டிகளையும் அழித்தது. உண்மையை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அங்கே ஈராக்கின் விமானப்படை முன்னதாகவே முடக்கப்பட்டிருந்தது. வாரக்கணக்கில் குண்டுபோட்டுக் கண்ணைக் கட்டிய எதிரியை அடித்த கதை அது.

எதிரி விழித்திருந்தால் என்ன ஆகும்? 2003 மார்ச் 24ஆம் தேதி இரவு இதே ஈராக்கில், கர்பலா அருகே, 31 அப்பாச்சிகள் ஒரு டாங்கிப் படையை அழிக்கப் பறந்தன. வீட்டுக் கூரைகளிலிருந்தும் தோப்புகளிலிருந்தும் ஈராக்கியர் சாதாரணத் துப்பாக்கிகளாலும் சிறு பீரங்கிகளாலும் சுட்டார்கள். ஒரு அப்பாச்சி தரையில் விழுந்தது. அதிலிருந்த இருவரும் சிறைப்பட்டார்கள். மற்றவற்றில் ஏறக்குறைய எல்லாமே உடலெங்கும் ஓட்டையோடு, வந்த காரியம் முடியாமல் திரும்பின. ஒரு விவசாயி பழைய துப்பாக்கியால் அப்பாச்சியை வீழ்த்தினார் என்று சதாம் சர்க்கார் டெலிவிஷனில் காட்டியது. அது பிரசாரம், அதை நாம் நம்பத் தேவையில்லை. ஆனால் ஓட்டைகள் பிரசாரம் அல்ல.

இங்கேதான் இந்த யந்திரத்தின் ரகசியம் இருக்கிறது. தாழப் பறந்து, ஒரே இடத்தில் நின்று சுட வேண்டியிருப்பதால், திருப்பிச் சுடக்கூடிய எதிரியிடம் இது சுலபமாக அடிபடுகிறது. திருப்பிச் சுட முடியாதவனிடம்தான் இது சூரப்புலி. ஆகவே எந்தப் பெயரில் வாங்கினாலும், எந்த எதிரியைக் காட்டி வாங்கினாலும், கடைசியில் இது போய்ச் சேரும் இடம் ஆயுதம் இல்லாதவனின் தலைக்கு மேல்தான். இது சுடுகிறவனின் கெட்ட குணம் மட்டுமல்ல, இந்த ஆயுதத்தின் அமைப்பிலேயே உள்ள விஷயம்.

சோவியத் தயாரிப்பானால் சரியா?

சில தோழர்கள் நம்மைக் கேட்கக்கூடும்: "அமெரிக்க ஹெலிகாப்டரை மட்டும் திட்டுகிறீர்களே, சோவியத் நாடும் செய்ததே?" கேட்க வேண்டிய கேள்வி. நேராகவே பதில் சொல்கிறோம்.

சோவியத் நாடு மி-24 என்ற தாக்குதல் ஹெலிகாப்டரைச் செய்தது. 1979 முதல் 1989 வரை ஆப்கானிஸ்தானத்தில் அது பறந்தது. அங்கேயும் எதிரே டாங்கிப் படை இல்லை, மலைக் கிராமங்கள்தான் இருந்தன. 1986 முதல் அமெரிக்கா அனுப்பிய தோள் ஏவுகணைகள் அதை வீழ்த்தத் தொடங்கின. அதன் ஏற்றுமதி வகையான மி-25 இந்திய விமானப்படையிடம் இருந்தது. 1987இல் இந்தியப் படை இலங்கைக்குப் போனபோது அது யாழ்ப்பாணத்து வானத்துக்கும் போயிற்று. 1995 முதல் இலங்கை விமானப்படையும் மி-24ஐ வாங்கிப் பறக்கவிட்டது. கீழே இருந்தவர்கள் தமிழ் மக்கள். மேலே பறந்ததில் சிவப்பு நட்சத்திரம் இருந்ததா, வெள்ளை நட்சத்திரம் இருந்ததா என்று பார்த்துக் குண்டு விழுவதில்லை.

ஆகவே எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பது நம்முடைய கேள்வி அல்ல. யார் கையில் இருக்கிறது, யாருக்கு எதிராகப் பறக்கிறது என்பதே கேள்வி. ஒரு தேசத்தின் ஜனங்களை ஆகாயத்திலிருந்து அடக்கிவிடலாம் என்று நினைத்தவர்கள் யாரானாலும் தவறானவர்களே. அல்ஜீரியாவும் வியத்நாமும் ஆப்கானிஸ்தானமும் ஈராக்கும் இதைத்தான் சொல்கின்றன.

உலகம் கைவிடும் சரக்கு

இன்னொரு வேடிக்கை உண்டு. பணக்கார நாடுகளே இந்த யந்திரத்தைக் கைகழுவ ஆரம்பித்துவிட்டன.

உக்ரெய்ன் யுத்தத்தில் 2022 முதல் ருஷ்யாவின் கா-52 என்ற தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பத்துப் பத்தாக விழுந்தன. 2023 கோடையில் அவை தூரத்தில் நின்று ஏவுகணை விட்டு உக்ரெய்ன் டாங்கிகளுக்குச் சேதம் விளைத்ததும் உண்மைதான். ஆனால் அந்த யுத்தத்தில் டாங்கிக்கு யமனாக வந்தது வேறொன்று. சில நூறு டாலர் விலையுள்ள சின்ன டிரோன்! ஒரு பையன் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு கையால் இயக்குகிறான், அது போய் டாங்கியின் மேல் வெடிக்கிறது.

இதைப் பார்த்த ஜப்பான், தன்னிடமுள்ள தாக்குதல் ஹெலிகாப்டர்கள் அத்தனையையும் படிப்படியாக ஒழித்து டிரோன்களை வைத்துக்கொள்வதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவமே, 200 கோடி டாலர் செலவழித்த பிறகு, புதிய தாக்குதல் ஹெலிகாப்டர் திட்டம் ஒன்றை ரத்து செய்தது. மேலும் 36 அப்பாச்சி வாங்கும் திட்டத்தைத் தென்கொரியா 2025இல் கைவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நமது சர்க்கார் மாலை மரியாதையோடு அப்பாச்சியை இறக்கிக்கொண்டிருந்தது! சந்தை கலைகிற நேரத்தில் போய், வாடிய கத்தரிக்காயை முழு விலைக்கு வாங்கி வந்த கதைதான் இது.

யாருடைய பை நிரம்புகிறது?

இந்தக் கொள்முதலின் சரித்திரத்தைப் பாருங்கள். 2015இல் விமானப்படைக்கு 22 அப்பாச்சிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு ராணுவத்துக்கென்று தனியாக ஆறு வேண்டும் என்றார்கள். அதற்கு 2017 ஆகஸ்டில் சர்க்கார் அனுமதித்த தொகை 4,168 கோடி ரூபாய். 2020 பிப்ரவரியில் டிரம்ப் ஆமதாபாத்துக்கு வந்தார். அவர் கார் போகும் வழியில் ஏழைகளின் குடிசைகள் கண்ணில் படக்கூடாதென்று மதில் எழுப்பினார்கள். ஒரு லட்சம் பேரைக் கூட்டி விழா எடுத்தார்கள். அந்த விஜயத்தில்தான் இந்த ஆறும், கடற்படைக்கு வேறு 24 ஹெலிகாப்டர்களுமாக, 300 கோடி டாலர் வியாபாரம் முடிந்தது. விருந்தாளிக்குத் தாம்பூலம் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். இவர்கள் கஜானாவையே கொடுத்தனுப்பினார்கள்.

பணத்தை வாங்கியவன் ஒழுங்காகச் சரக்கையாவது கொடுத்தானா? 2024 மார்ச்சில் ஜோத்பூரில் அப்பாச்சிக்கென்று படைப்பிரிவு அமைத்துவிட்டார்கள். யந்திரம் வரவில்லை. பதினைந்து மாதத்துக்கு மேல் படைப்பிரிவு வெறுங்கையோடு காத்திருந்தது. இதே காலத்தில், 2024 ஏப்ரலில், விமானப்படையின் அப்பாச்சி ஒன்று லடாக்கில் பயிற்சியின்போது அவசரமாகத் தரையிறங்கி, உயரமான கரடுமுரடான பூமியில் சேதமடைந்தது.

ஆனால் அந்த உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டரை நம் தொழிலாளிகளே செய்திருக்கிறார்கள்! பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்த "பிரசண்ட்" 5,000 மீட்டர் உயரத்தில் இறங்கி ஏறும். அது 2022 அக்டோபரில் படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் மேலும் 156க்கு உத்தரவு கொடுத்தார்கள். மதிப்பு 62,700 கோடி ரூபாய், வரி தனி. கணக்குப் போட்டால் ஒன்று சுமார் 400 கோடி. அப்பாச்சியோ, 2017இல் அனுமதித்த தொகைப்படியே, ஒன்று 694 கோடி! உள்ளூர்க் கொல்லன் அடித்த அரிவாள் வீட்டில் இருக்க, அதைவிட ஒன்றரைப் பங்குக்கு மேல் விலை கொடுத்துச் சீமை அரிவாள் வாங்குகிறவனைக் கிராமத்தில் என்ன சொல்வார்கள்?

"இந்தியாவிலேயே பாதி செய்கிறோமே" என்று சர்க்கார் தரப்பில் சொல்வார்கள். அப்பாச்சியின் வெறும் கூடு மட்டும் ஐதராபாத்தில் 2018 முதல் செய்யப்படுகிறது. செய்வது பொதுத்துறை அல்ல, டாட்டாவும் போயிங்கும் கூட்டுச் சேர்ந்த கம்பெனி. எஞ்சினும் ஆயுதமும் கண்ணும் மூளையும் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். ஒரு திருகாணி தேய்ந்தாலும் அவனிடம்தான் கையேந்த வேண்டும். நாளைக்கு அவனுக்குக் கோபம் வந்தால்? பனியனுக்கு 50 சதவீத வரி போட்டவன் திருகாணிக்கு என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள்.

போயிங் கம்பெனியின் லாபம் அந்த ஊர்த் தொழிலாளிக்காவது போகிறதா? அதுவும் இல்லை. 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி, செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் யுத்த விமானங்கள் செய்யும் 3,200 போயிங் தொழிலாளர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் உறுதியாக நின்றார்கள். கம்பெனி என்ன செய்தது? அவர்களுடைய இடத்துக்கு நிரந்தரமாகப் புது ஆட்களை எடுப்பதாக அறிவித்தது. கருங்காலி வைத்து ஸ்டிரைக்கை உடைக்கும் வித்தை நம்மூர் மில் முதலாளிக்கு மட்டும் தெரிந்ததல்ல! முதலாளிக்குத் தேசமும் இல்லை, நேசமும் இல்லை.

நூறு நாள் கூலியும் ஒரு ஹெலிகாப்டரும்

இனி நம் வீட்டுக் கணக்கு. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுதாக வேலை கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு 33,600 ரூபாய். ஒரு அப்பாச்சியின் 694 கோடியை இதனால் வகுத்துப் பாருங்கள். 2 லட்சத்து 6 ஆயிரம் குடும்பங்களுக்கு நூறு நாள் கூலி! ஒரே ஒரு ஹெலிகாப்டர், அதில் இரண்டே ஆள்!

நூறு நாள் வேலை என்று சட்டம் சொன்னதே தவிர, நடைமுறையில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஐம்பது நாளை ஒட்டித்தான். 2025 தொடக்கத்தில் செய்த வேலைக்கான கூலியே பல வாரங்கள் பாக்கி நின்றது. "மத்தியிலிருந்து பணம் வரவில்லை" என்று பஞ்சாயத்து ஆபீசில் கைவிரித்தார்கள். 2024-25இல் தேசம் முழுவதுக்கும் இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 86,000 கோடி. 2025-26இலும் அதே 86,000 கோடி. விலைவாசி ஏறியது, ஒதுக்கீடு ஏறவில்லை. ராணுவ பட்ஜெட்டோ அந்த வருஷம் 6 லட்சத்து 81 ஆயிரம் கோடியாக ஏறியது. 2025 டிசம்பரில் அந்த வேலைச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டு வந்து, செலவில் 40 சதவீதத்தை மாநிலங்களின் தலையில் கட்டினார்கள்.

போயிங்குக்கு என்றால் கஜானா திறக்கிறது. களை வெட்டும் அம்மாளுக்கு என்றால் "நிதி இல்லை"!

தேசப் பாதுகாப்பு வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நம் வாயை அடைத்துவிடலாம் என்று ஆளும் வர்க்கம் நினைக்கிறது. வேண்டும் என்றே சொல்கிறோம். எல்லையில் பனியில் நிற்கும் சிப்பாய் யார்? விவசாயியின் மகன், தொழிலாளியின் தம்பி. அவனுடைய உயிரைப் பற்றி நம்மைவிட அதிக அக்கறை உள்ளவன் யார்? அதனால்தான் கேட்கிறோம். அவனுக்கு வேண்டிய ஆயுதத்தை நம் பொதுத்துறையில், நம் தொழிலாளி செய்யட்டும். பிரசண்டுக்குக் கொடுக்கும் 62,700 கோடிக்கும் பாராளுமன்றத்தில் பைசா பைசாவாகக் கணக்குக் காட்டட்டும். அமெரிக்க வியாபாரியின் தேய்ந்த சரக்கை, ஒரு விருந்தாளியைக் குளிர்விக்க வாங்கியதைத் தேசப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். திருகாணிக்கு அந்நியனை எதிர்பார்க்கும் பாதுகாப்பு பாதுகாப்பே அல்ல, அது அடிமைச் சாசனம்.

அண்டை நாடுகளோடு பேச்சுவார்த்தையும் சமாதானமும்தான் மிக மலிவான, மிக உறுதியான பாதுகாப்பு. ஆனால் அதில் கமிஷன் கிடையாது. அதனால்தான் அது இவர்களுக்குப் பிடிப்பதில்லை.

நம் கையில் என்ன இருக்கிறது?

"இவ்வளவு பெரிய யந்திரத்தின் முன் கூலியாள் என்ன செய்துவிட முடியும்?" என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். ஆயுதம் ஆகாயத்தில் தானாக முளைப்பதில்லை. அதைச் செய்வதும் தொழிலாளி, கப்பலில் ஏற்றுவதும் தொழிலாளி. 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத் தொழிலாளர்கள், ஏமன் மக்கள் மீது குண்டுபோடும் சவூதி அரேபியாவின் ஆயுதக் கப்பலுக்குச் சரக்கேற்ற மறுத்தார்கள். 2024 பிப்ரவரியில் நம் நாட்டின் 11 பெரிய துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைத் தொடமாட்டோம் என்று அறிவித்தது. 3,500 தொழிலாளர்களின் சங்கம் அது. கோடீஸ்வரனிடம் ஹெலிகாப்டர் இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கிவிடும் கிரேன் நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஆலை வாயிலிலும் களத்து மேட்டிலும் இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் சொல்லுங்கள்:

அமெரிக்கக் கம்பெனிகளிடமிருந்து மேலும் தாக்குதல் ஹெலிகாப்டர் வாங்கக் கூடாது!

வாங்கியதற்குச் செலவான முழுக் கணக்கையும் ஜனங்கள் முன் வைக்க வேண்டும்!

ராணுவத் தளவாட உற்பத்தி பொதுத்துறையில் இருக்க வேண்டும், டாட்டாவுக்கும் போயிங்குக்கும் தாரை வார்க்கக் கூடாது!

கிராமப்புற வேலைக்கும் கூலிக்கும் போதிய பணம் ஒதுக்க வேண்டும், செய்த வேலைக்குக் கூலியைப் பாக்கியின்றிக் கொடுக்க வேண்டும்!

அல்ஜீரியாவின் குகையில் தொடங்கிய இந்த வேட்டை பாக்தாத் தெருவரை வந்தது. எந்த நாட்டிலும் ஏழை வேட்டைப் பொருளல்ல. அவனுடைய வயிற்றுப் பணத்தில் அவனுடைய சகோதரனைக் கொல்லும் யந்திரம் வாங்க இனி ஒருபோதும் இடம் கொடோம்!